க்வாமேவுக்குப் போட்ட மார்க்

சனிக்கிழமை பதினொரு மணி. காரைக்குடி செக்காலை ரோட்டில் தார் இளகிக் கிடந்தது. ஜாபர் பாயின் கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, ஜிலீரென்று இருந்தது.

"டீச்சர், இந்த வாரம் ரெண்டே ரெண்டு மெயிலுதான் வந்திருக்கு. எப்பவும் பத்துப் பன்னெண்டு வருமே?" என்று சொல்லிக்கொண்டே ஜாபர் பாய் பிரிண்டரிலிருந்து காகிதத்தைக் கிழித்து நீட்டினார். ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்த நீளக் காகிதம்.

முதல் மெயில் ஐரீன் எழுதியது. ஒரே வரி. "அருள்மேரி, எங்களுக்கு மார்க் போட்டிருக்கிறீர்களா?"

இரண்டாவது, நானே போன சனிக்கிழமை அனுப்பியது. எங்கள் படிப்புக் குழுவுக்கு அனுப்பினால் நமக்கும் ஒரு நகல் வரும். என் பதிலைப் படித்தேன், சரியாக இருந்தது. அதற்குக் கீழே இன்னும் ஏதோ நீண்டது. "ஐரீன்: பரவாயில்லை, ஆனால் வளவள. பத்துக்கு ஆறு. க்வாமே: கதை போதும். பதில் எங்கே? பத்துக்கு மூன்று. திரும்ப எழுதவும்."

காகிதத்தை அவர் மேசையில் வைத்து அந்த வரிகளைக் காட்டினேன்.

"பாய்! இதையெல்லாம் ஏன் அடிச்சீக?"

"நீங்கதானே டீச்சர் எழுதியிருந்தீக?"

"அது செவப்பு மையில எனக்காகத் தனிக் காயிதத்துல எழுதி வச்சது! நான் குடுத்த நீல மைக் காயிதத்தை மட்டும்தானே அடிக்கணும்?"

"ரெண்டையும் சேத்துக் குண்டூசி குத்திக் குடுத்தீக. நான் ஜித்தாவுல பன்னெண்டு வருசம் டைப்பிஸ்ட்டு டீச்சர். முன்னால வச்ச காயிதத்துல என்ன இருக்கோ அதை அடிப்பேன். வாசிக்கிற பழக்கமே கெடையாது. வாசிச்சா அங்கெல்லாம் வேலையில இருக்க முடியுமா?"

மனுசன் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

முகம் தெரியாதவர்களோடு ஒரு படிப்பு

அந்த வம்பில் நான் எப்படி மாட்டினேன் என்று சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் கடைசி. நான் அப்போது கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்களுக்கான ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து எங்கள் மதருக்கு ஒரு கடிதம் வந்தது. கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் நடத்த ஆசிரியர்களைப் பழக்குகிறார்களாம். அந்தப் பயிற்சியும் கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடக்குமாம்.

"அருள், நீ சேந்துக்கிறியா? சனிக்கிழமை அரைநாள் தர்றேன். ஆனா ஒரு தடவைதான். பாதியில விட்டுட்டு வந்தா மறுபடி கேக்கக் கூடாது" என்றார் மதர்.

எனக்குக் கம்ப்யூட்டரில் எங்குட்டு சுவிட்ச் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் ஒருத்தர் 'முடியுமா' என்கிற தோரணையில் கேட்டுவிட்டால் என் வாய் சும்மா இருக்காது. முடியும் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரர் சவரிமுத்து தாலுகா ஆபீசில் கிளார்க். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "வாத்தியாரு எங்க இருக்காரு?"

"வெளிநாட்டுல."

"கூடப் படிக்கிறவுக?"

"ஒருத்தி ஸ்காட்லாந்துக்கு வடக்க ஒரு தீவுல. நர்சுகளுக்குப் பாடம் சொல்ற நர்சு. ஒருத்தர் ஆப்பிரிக்காவுல கானாவுல. வெவசாயப் பாடம் நடத்துற வாத்தியார்."

"அது சரி. நீ செக்காலை ரோட்டுல. நல்லா இருக்குடி ஒங்க கிளாஸ் ரூமு" என்று சொல்லி ரசம் ஊற்றச் சொன்னார்.

அவர் கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் முதல் சனிக்கிழமை அந்த இரண்டு பேரின் மெயிலும் கைக்கு வந்தபோது நான் சிரிக்கவில்லை. ஐரீன் எழுதியிருந்தாள்: "எங்கள் தீவில் மரமே கிடையாது, காற்று விடாது. இதை எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன." க்வாமே இருந்த ஊரில் டெலிபோன் இல்லை. சரக்கு லாரியில் ஏறி இரண்டு மணி நேரம் டவுனுக்குப் போய், அங்கே ஒரு மிஷன் ஆபீசில் உட்கார்ந்து ஒற்றை விரலால் அடிப்பாராம். என்னுடைய கேள்வியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எங்கோ லாரியில் போயிருக்கிறார்! அந்தக் காகிதத்தை வீடு வரைக்கும் மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போனேன். ரோட்டில் போகிற யாரையாவது நிறுத்திக் காட்ட வேண்டும் போல இருந்தது.

பாடம் நடத்தாத வாத்தியார்

இன்னொரு அதிசயம் ஹெலன் அம்மாள். அவர்தான் எங்கள் பயிற்சியாளர். ஆனால் பாடமே நடத்த மாட்டார். வாரம் ஒரு கேள்வி போடுவார். நாங்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் எழுதி, சண்டை போட்டு, ஒரு பதிலுக்கு வர வேண்டும். 'இது சரியா அம்மா' என்று கேட்டால், 'ஐரீன் என்ன நினைக்கிறார் என்று கேட்டீர்களா' என்று பதில் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படிக்க வந்தவளிடமே பாடத்தைக் கொடுத்துவிட்டு இந்த அம்மாள் என்ன செய்கிறார் என்று ஜாபர் பாயிடம் புலம்புவேன்.

ஆனால் நடந்தது என்னவென்றால், நான் ஒன்று சொல்வேன், ஐரீன் அதைப் பிடித்து இழுப்பாள், க்வாமே அதற்கு ஒரு முட்டுக் கொடுப்பார். வாரக் கடைசியில் பார்த்தால் எங்கள் மூன்று பேரில் யாருக்குமே முதலில் தெரியாத ஒரு விஷயம் காகிதத்தில் இருக்கும். யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. பதினெட்டு வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் நான். அப்படி ஒன்று நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் போடா என்று சொல்லியிருப்பேன்.

பயிற்சியின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. மூன்று பேரும் சேர்ந்து வேறொரு குழுவுக்கு ஒரு வாரம் பாடம் நடத்த வேண்டும். ஒருவர் குறைந்தாலும் குழு செல்லாது. மற்ற இருவரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சிவப்பு மை பரம்பரை

இந்தச் சிவப்பு மை எங்கள் குடும்ப வியாதி. என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். இளையாத்தங்குடியிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. அப்பா அதில் இரண்டு இடத்தில் சிவப்பு மையால் சுழித்து, அடியில் மார்க்கும் போட்டு, கல்யாணத்துக்கே கொண்டுபோய்ப் பெண்ணைப் பெற்ற அப்பச்சி கையில் கொடுத்துவிட்டு வந்தார். அவர் நல்ல மனுசர், சிரித்துவிட்டார். என் அம்மாதான் அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாமல் ரொம்ப நாள் இருந்தாள்.

நானும் அப்படித்தான். வீட்டுக்காரரின் லீவ் லெட்டரைக்கூட விட்டதில்லை. எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் கை பேனாவைத் தேடும். ஐரீனுடைய, க்வாமேயுடைய மெயில்களையும் வீட்டில் வைத்துத் திருத்தி மார்க் போட்டுத்தான் படிப்பேன். தாழ்வாக நினைத்து அல்ல, சத்தியமாக. படிப்பது என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

அந்த மார்க் போட்ட வாரம் ஹெலன் கேட்ட கேள்வி: பேசாத மாணவரை எப்படிப் பேச வைப்பீர்கள்? நான் பதினொரு பாயிண்ட் எழுதினேன். ஐரீன் இரண்டு பக்கம் எழுதினாள். க்வாமே எழுதியது இவ்வளவுதான்:

"என் வகுப்பில் ஒரு பையன் ஓராண்டாக வாய் திறக்கவில்லை. ஒருநாள் மக்காச்சோளக் காட்டில் எல்லோருமாகக் களை எடுத்தோம். நானும் குனிந்து எடுத்தேன். மூன்றாவது வரிசையில் அவன் பேசத் தொடங்கினான். சாயங்காலம் வரை நிறுத்தவில்லை."

அதற்குத்தான் நான் மூன்று மார்க் போட்டேன்.

மன்னிப்பு

அன்றைக்கே ஜாபர் பாய் பக்கத்தில் நின்று ஒரு மன்னிப்பு எழுதினேன். இது டைப் அடித்தவர் செய்த தவறு, தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம் என்று. மெயில் போக மதுரைக்கு டெலிபோன் லைன் பிடிக்க வேண்டும், அது கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. கிர்ர், கீச் என்று மோடம் கத்தி முடித்து, மெயில் போனது என்று அவர் சொன்ன பிறகுதான் மூச்சு விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஐரீன் எழுதியிருந்தாள். "அடித்தது யார் என்பது இருக்கட்டும். எழுதியது யார்? எனக்கு ஆறு போட்டதற்கு நன்றி, பள்ளிக்கூடத்தில் நான் அவ்வளவு வாங்கியதில்லை. ஆனால் க்வாமே அந்த மெயிலை அனுப்ப லாரியில் போனார் என்பது உங்களுக்குத் தெரியும்."

க்வாமேயிடமிருந்து ஒன்றும் இல்லை. ஹெலனிடமிருந்து ஒரு மெயில் வந்திருந்தது. "க்வாமே விலகிக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார். இந்த மாத முடிவு வரை பொறுக்கச் சொன்னேன். நான் நடுவில் வர மாட்டேன். இது உங்கள் குழு."

மாத முடிவுக்கு மூன்று சனிக்கிழமை இருந்தது.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மதர் என்ன சொல்வார் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட, லாரியில் திரும்பிப் போகிற அந்த மனிதர் கண்ணுக்குள்ளேயே நின்றார். பத்துக்கு மூன்று என்று நாற்பது வயது ஆளிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் ஐரீனுக்கு முன்னால்.

"டீச்சர், டீ சொல்லவா?" என்றார் ஜாபர் பாய்.

"விஷமிருந்தாச் சொல்லுங்க பாய்."

"அஸ்தஃபிருல்லா! என்ன டீச்சர் பேசுறீக" என்று டீ வாங்க அவரே எழுந்து போனார்.

புளி

இப்போது கொஞ்சம் எங்கள் ஹாஸ்டலுக்கு வர வேண்டும். பங்குனியில் ஹாஸ்டலுக்கு ஒரு வருஷத்துப் புளி வந்து இறங்கும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, தட்டிக் கொட்டை எடுத்துப் பானையில் அடைக்க வேண்டும். பிள்ளைகள் சாயங்காலம் சமையல்கட்டுக்குப் பின்னால் வட்டமாக உட்கார்ந்து செய்வார்கள். டீச்சர்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை.

அந்தப் பிள்ளைகளில் மலர்க்கொடி என்று ஒருத்தி. மானகிரிக்காரி. சேர்ந்ததிலிருந்து வகுப்பில் வாய் திறந்ததில்லை. வாத்தியாராகப் போகிற பிள்ளை பேசாவிட்டால் எப்படி? என் பதினொரு பாயிண்டையும் அவளிடம் செய்து பார்த்தாகிவிட்டது. எழுப்பி நிறுத்தினேன், தட்டிக்கொடுத்தேன், திட்டினேன். பிள்ளை தரையைப் பார்த்தபடி நிற்கும்.

க்வாமே சொன்னது சரியா தப்பா, பார்த்துப்புடுவோம் என்றுதான் அன்று போனேன். நல்ல எண்ணம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. தப்பு என்று தெரிந்தால் என் மூன்று மார்க்குக்கு ஒரு நியாயமாவது கிடைக்குமே என்ற எண்ணம்.

முந்தானையைச் செருகிக்கொண்டு மலர்க்கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சடாரென்று பேச்சு நின்றது. பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து புளியைத் தட்டினேன். புளிப்பு வாசனைக்கு வாயில் எச்சில் ஊறியது, விரலெல்லாம் பிசுக்கு. அரைமணி நேரத்தில் ஒருத்தி இருமினாள், ஒருத்தி சிரித்தாள், பழையபடி பேச்சு ஏறியது.

அப்புறம் என் இடது பக்கத்திலிருந்து ஒரு குரல். "எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு மரம் இருக்கு டீச்சர். அதுல பழம் இனிக்கும்." எனக்குக் கை நின்றுவிட்டது. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கொஞ்சம் கரகரத்த, கெட்டியான குரல். நிமிர்ந்து பார்க்கத் துடித்தேன், பார்க்கவில்லை.

மரத்தைப் பற்றிச் சொன்னாள். மரத்தில் ஏறி விழுந்த அண்ணனைப் பற்றிச் சொன்னாள். சாக்கோட்டையில் கட்டிக்கொடுத்த அக்காளின் பிள்ளைக்கு அவள் எப்படிக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள் என்று சொன்னாள். அவ்வளவு நன்றாக நான்கூடச் சொல்லிக் கொடுத்ததில்லை. கானாவில் ஒரு சோளக் காட்டில் நடந்தது காரைக்குடியில் ஒரு சமையல்கட்டுக்குப் பின்னால் அப்படியே நடக்கிறது! கை வேலையில் இருக்கிறது, கண் கீழே இருக்கிறது, யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எங்கள் மூன்று பேர் குழுவும் அப்படித்தானே பேசிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

"டீச்சர், ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிற மாட்டீகளே?" என்றாள்.

"சொல்லு."

"கேள்வியும் நீங்களே கேக்குறீக. பதிலையும் நீங்களே சொல்லிப்புடுறீக. நாங்க எந்த எடத்துல டீச்சர் பேசுறது?"

நான் கொட்டைக் கூடையில் கொட்டையைப் போடுவதற்குப் பதிலாக உரித்த புளியைத் தூக்கிப் போட்டேன். ஒரு பிள்ளை அதைப் பேசாமல் எடுத்துப் பானையில் போட்டாள்.

ஒரு வரிப் பதில்

அந்தச் சனிக்கிழமை க்வாமேவுக்கு எழுதினேன். உங்கள் கதையைச் செய்து பார்த்தேன். நாங்கள் புளி உடைத்தோம். ஓராண்டாகப் பேசாத பிள்ளை அரைமணி நேரத்தில் பேசினாள். உங்கள் கதைதான் பதில், எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை. மார்க் போட்டது நான், டைப் அடித்தவர் அல்ல. என்னை மன்னியுங்கள்.

புளியைப் பற்றி, பானையைப் பற்றி, பிசுக்கைப் பற்றியெல்லாம் எழுதினேன். மலர்க்கொடி கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதவில்லை. அது எதற்கு அவருக்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், வெட்கம்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை வரை ஏழு நாள். சோறு இறங்கவில்லை. "அந்தாளு வராட்டிப் போறாரு, ஒனக்கென்ன" என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலையில் அவரே சைக்கிளில் கொண்டுவந்து விட்டார்.

ஜாபர் பாய் காகிதத்தோடு வாசலிலேயே நின்றார். "வந்திருக்கு டீச்சர். ஆப்பிரிக்கா மெயிலு."

ஒரே வரி. "அருள்மேரி, அந்தப் பிள்ளை என்ன பேசினாள்? க்வாமே."

மன்னித்தேன் என்றும் இல்லை, மன்னிக்கவில்லை என்றும் இல்லை. அதைக் கேட்க இரண்டு மணி நேரம் லாரியில் வந்திருக்கிறார். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

"என்ன டீச்சர், பெயிலாக்கிட்டாகளா?"

"இல்ல பாய். கேள்வி கேட்டுருக்காக."

"கேட்டா பதிலச் சொல்லுங்க. இதுக்குப் போயி அழுவாகளா?"

காகிதத்தை எடுத்தேன். இனிக்கிற புளிய மரத்தைப் பற்றி எழுதினால் போதும், அதுவும் அவள் பேசியதுதானே. எழுதினேன், அடித்தேன். மறுபடி எழுதினேன், அடித்தேன். கடைசியில் மலர்க்கொடி சொன்ன மூன்று வாக்கியத்தையும் ஒரு சொல் குறைக்காமல் எழுதினேன். அதைப் போன தடவை நான் மறைத்தேன் என்பதையும் எழுதினேன்.

ஜாபர் பாய் அடித்துக்கொண்டே வந்தவர் பாதியில் கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதையுமா டீச்சர் அனுப்பணும்?"

"ஆமா பாய். அனுப்புங்க."

அப்புறம் வேறொரு குழுவுக்கான அந்த ஒரு வாரப் பாடத்தை நாங்கள் மூன்று பேருமாக நடத்தினோம். சான்றிதழ் தபாலில் வந்தது. மதர் அதை எல்லோருக்கும் காட்டினார். அதை விடுங்கள். அந்த மெயில் போனதற்கு அடுத்த சனிக்கிழமை க்வாமே எழுதியதைச் சொல்லிவிடுகிறேன்.

"நீங்கள் 'பதில் எங்கே' என்று கேட்டது சரிதான். என் கதையின் கடைசி வரியை நானும் எழுதாமல் விட்டிருந்தேன். சோளக் காட்டில் அந்தப் பையன் என்னிடம் சொன்னதும் இதேதான்."